சொந்தச் செலவில் வெளியிடும் நூல்களில் கறுப்பு வெள்ளைப் படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடும்ப வரலாறு, ஊர் வரலாறு, தன்வரலாறு, பள்ளி மலர் என்று 50 முதல் 500 படிகள் வரை தம் செலவில் அச்சிடுவோரை மனத்தில் வைத்து இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது. கணக்குகள் 5.5 × 8.5 அங்குல அளவுள்ள 1/8 டெமி நூலுக்கு உரியவை. எழுத்து நிற்கும் அகலம் 4.25 அங்குலம் என்று கொள்ளப்பட்டுள்ளது.

திரையில் தெளிவாகத் தெரியும் படம் நூலில் இருண்டு போவது ஏன்?

உள்பக்கங்களை அச்சிடும் இயந்திரத்தில் சாம்பல் நிற மை கிடையாது. இருப்பது கறுப்பு மை ஒன்றுதான். அதைப் பெரிதும் சிறிதுமான புள்ளிகளாக இட்டே வெளிச்சம் முதல் நிழல் வரை எல்லாச் சாயல்களையும் காட்ட வேண்டியிருக்கிறது. ஓர் அங்குலத்தில் இத்தகைய புள்ளி வரிசைகள் செய்தித்தாளில் ஏறத்தாழ 85, மேப்லித்தோ போன்ற பூச்சில்லாத தாளில் 133 வரை, பூச்சுள்ள ஆர்ட் தாளில் 150 முதல் 175 வரை அமைகின்றன. தாளில் விழும் ஒவ்வொரு புள்ளியும் சற்றுப் பரவுவதால், கோப்பில் 50 விழுக்காடாக இருந்த சாம்பல், பூச்சில்லாத தாளில் ஏறத்தாழ 70 விழுக்காடாகத் தெரிவது இயல்பு. இந்தப் பரவல் நடுச்சாயல்களில்தான் முழு வலிமையோடு வெளிப்படும். மனித முகம் பெரும்பாலும் நடுச்சாயலில் இருப்பதால், முதலில் கெடுவதும் முகமே.

திரை ஒளியை உமிழ்கிறது. தாளோ தன்மேல் விழும் ஒளியைத் திருப்பித் தருவதோடு சரி. தாளின் வெண்மையைவிட வெளிச்சமான எதையும் நூலில் காட்ட இயலாது. பூச்சில்லாத தாளில் கறுப்பு மையும் உள்ளே ஊறி, முழுக் கறுப்பாக நில்லாமல் அடர்ந்த சாம்பலாகவே தங்கிவிடுகிறது. இவ்வாறு இரு முனைகளும் குறுகி, நடுப்பகுதியும் இருண்டுவிடுவதையே படம் 'செத்துப்போய்விட்டது' என்று நூலாசிரியர்கள் குறைபட்டுக்கொள்கிறார்கள்.

கணினி வந்த பிறகு முளைத்த சிக்கல் என்று இதை எண்ண வேண்டாம். ஈயத்தில் எழுத்துக் கோத்து அச்சிட்ட நாளில், படங்களுக்கு உலோகத் தகட்டில் பிளாக் எடுத்தவர்களும் இதோடுதான் போராடினார்கள். சத்யஜித் ராயின் பாட்டனார் உபேந்திரகிஷோர் ராய் கல்கத்தாவில் அச்சுக்கூடம் நிறுவி, படத்தைப் புள்ளிகளாக உடைக்கும் இதே முறையை நுட்பமாக ஆராய்ந்து, இங்கிலாந்தில் வெளியான அச்சுத் தொழில் ஆண்டு மலரில் கட்டுரைகள் எழுதியிருக்கிறார்.

வேலையை எங்கிருந்து தொடங்க வேண்டும்?

தாளிலிருந்து தொடங்க வேண்டும். தாள் முடிவானால் அச்சு முறை முடிவாகும். அவை இரண்டும் முடிவான பிறகே படங்களைத் திருத்த முடியும். படங்களையெல்லாம் திரையில் மெருகேற்றி முடித்துவிட்டு, மலிவாகக் கிடைத்தது என்பதற்காகக் கடைசி வாரத்தில் தாளை மாற்றுவது, அதுவரை செய்த திருத்தங்கள் அனைத்தையும் வீணாக்கும்.

எந்தத் தாளைத் தேர்ந்தெடுக்கலாம்?

தமிழ் நூல்களில் மிகுதியாகப் புழங்குவது 70 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை 70 கிராம்) மேப்லித்தோ. எழுத்து மட்டும் உள்ள நூலுக்கு அது போதும். படங்கள் உள்ள நூலுக்கு அது மெல்லியது. பின்பக்கத்துப் படம் முன்பக்கத்தில் நிழலாகத் தெரியும். 80 அல்லது 90 ஜி.எஸ்.எம். வெள்ளை மேப்லித்தோ பெரும்பாலான குடும்ப, ஊர் வரலாறுகளுக்குப் பொருந்தும் என்பது என் கருத்து.

இலேசான மஞ்சள் சாயலுடைய நேச்சுரல் ஷேட் தாள் கண்ணுக்கு இதமானது. நாவலுக்கும் கவிதைக்கும் நன்றாக அமையும். ஆனால் அதில் படத்தின் வெண்மை மஞ்சளாகிவிடுவதால் வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் இடையிலான தொலைவு மேலும் குறைகிறது. கையில் எடுத்தால் எடையே தெரியாத, தடித்த, சொரசொரப்பான தாள்களும் இப்போது பரவலாக விற்கின்றன. நூல் பருமனாகத் தெரியும் என்பதற்காக அவற்றைப் பலர் விரும்புகிறார்கள். அந்தச் சொரசொரப்பில் புள்ளிகள் சிதைவதால் படங்களுக்கு அவை ஏற்றவை அல்ல.

மேட் பூச்சுள்ள ஆர்ட் தாளில் படம் மிகச் சிறப்பாக வரும். விலையும் எடையும் கூடும் என்பதோடு, முந்நூறு பக்கத்துக்கு அதையே பயன்படுத்தினால் நூலை மடியில் வைத்துப் படிப்பவருக்குக் கை வலிக்கும். பளபளப்பான ஆர்ட் தாளில் விளக்கொளி பட்டுத் தெறிக்கும் என்பதால் எழுத்துப் பக்கங்களுக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை.

படங்களை மட்டும் ஆர்ட் தாளில் அச்சிட்டு நூலின் நடுவில் சேர்க்க முடியுமா?

பிளேட் எடுத்து அச்சிடும் ஆஃப்செட் முறையில் முடியும். எட்டு அல்லது பதினாறு பக்கம் கொண்ட ஒரு படப்பகுதியைத் தனியே அச்சிட்டு, இரண்டு பாரங்களுக்கு (ஒரே தாளில் அச்சிட்டு மடித்த பக்கத் தொகுதிகளுக்கு) இடையில் வைத்துக் கட்டுவது நெடுங்காலமாக உள்ள வழக்கம். முப்பது நாற்பது படங்கள் உள்ள தன்வரலாற்றுக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை. படத்துக்கும் அதைப் பற்றிய பத்திக்கும் இடையில் தொலைவு விழும் என்பதால், ஒவ்வொரு படத்தின் கீழும் அது தொடர்பான பக்க எண்ணைக் குறித்துவிடுவது நல்லது. தேவைக்கேற்ப அச்சிடும் பி.ஓ.டி. கூடங்களில் பெரும்பாலும் ஒரு நூலுக்கு ஒரே தாள்தான் ஓட்டுவார்கள். எனவே முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆஃப்செட்டா, டிஜிட்டலா?

படிகளின் எண்ணிக்கையே பெரும்பாலும் இதை முடிவு செய்துவிடுகிறது. நூறு படிகளுக்குப் பிளேட் செலவு கட்டுப்படியாகாது. டிஜிட்டல் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறுபட்ட இயந்திரங்கள் இயங்குகின்றன என்பதைத் தெரிந்துகொள்வது பயன் தரும். டோனர் இயந்திரத்தில் தூள் தாளின் மேற்பரப்பிலேயே உருகி ஒட்டுவதால் கறுப்பு அடர்த்தியாக இருக்கும். ஆனால் அகன்ற இருண்ட பரப்புகளில் பட்டை பட்டையாகக் கோடுகள் தோன்றக்கூடும், சாய்த்துப் பார்த்தால் அந்த இடம் மினுங்கவும் செய்யும். இங்க்ஜெட் இயந்திரத்தில் நீர்த்த மை தாளுக்குள் இறங்குவதால் சாயல் மாற்றங்கள் மென்மையாகவும் கறுப்பு சற்றே சோர்ந்தும் வரும். எந்த வகை என்று அச்சகத்தாரிடம் கேட்டு, அந்த இயந்திரத்தில் ஓடிய படமுள்ள நூல் ஒன்றை வாங்கிப் பார்த்துவிடுங்கள்.

அமேசானின் கே.டி.பி. போன்ற சேவையில் ஆங்கில நூல் வெளியிடுவோர், கறுப்பு மை உள்பக்கத்துக்கு வெள்ளைத் தாள், கிரீம் தாள் என்னும் இரண்டில் வெள்ளையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கறுப்பு வெள்ளைப் படங்களையே வண்ண அச்சில் தருவது ஒரு மாற்று வழி. தாளும் அச்சும் மேம்பட்டாலும், சில படங்களே இருந்தாலும் முழு நூலுக்கும் வண்ண விலை விதிக்கப்படும். சாம்பலில் பச்சையோ சிவப்போ இலேசாகக் கலந்து தெரியும் ஆபத்தும் உண்டு.

படத்துக்கு எத்தனை பிக்சல் வேண்டும்?

அச்சாகும் அளவில் அங்குலத்துக்கு 300 பிக்சல் இருக்க வேண்டும். எழுத்தின் அகலத்துக்கு நிற்கும் படத்துக்கு 4.25 × 300 = 1,275 பிக்சல் அகலம் போதும். பக்கம் முழுவதும், ஓரத்தில் வெட்டுவதற்கான 1/8 அங்குல மிகையோடு சேர்த்து நிரம்ப வேண்டிய படத்துக்கு உயரம் 2,625 பிக்சல். கோப்பின் பண்புகளில் '300 டி.பி.ஐ.' என்று எழுதியிருப்பதில் பொருள் எதுவும் இல்லை; 600 பிக்சல் அகலப் படத்திலும் அந்த எண்ணை எழுதிவிட முடியும். மொத்தப் பிக்சலை எண்ணிப் பாருங்கள்.

உறவினர்கள் வாட்ஸப்பில் அனுப்பிய படங்களைப் பயன்படுத்தலாமா?

இயன்றவரை தவிர்க்க வேண்டும். சாதாரணப் படமாக அனுப்பும்போது செயலி பிக்சலையும் குறைக்கிறது, சுருக்கத்தையும் கூட்டுகிறது. அதே படத்தை 'டாக்குமென்ட்' என்று இணைத்து அனுப்பச் சொன்னால் மூலக் கோப்பு மாறாமல் வந்துசேரும். வெளிநாட்டில் இருக்கும் அண்ணனிடமோ அத்தையிடமோ இதைப் பொறுமையாக விளக்குவதற்கு ஆகும் பத்து நிமிடம், பின்னர் படத்தைச் சீர்செய்ய ஆகும் நேரத்தைவிடக் குறைவுதான்.

பழைய ஒளிப்படங்களை எப்படி ஸ்கேன் செய்வது?

கறுப்பு வெள்ளைப் படமாக இருந்தாலும் வண்ணத்திலேயே ஸ்கேன் செய்ய வேண்டும். இதற்குக் காரணம் உண்டு. வண்ணக் கோப்பு சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று தடங்களாக (சேனல்) அமைந்திருக்கும். பழுப்பேறிய கறைகளும் மஞ்சள் திட்டுகளும் சிவப்புத் தடத்தில் வெளிறி, பெரும்பாலும் மறைந்துவிடும். அந்தத் தடத்தை மட்டும் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கினால் பாதித் துப்புரவு தானாகவே முடிந்திருக்கும். மாறாக, உருவமே வெளுத்து மஞ்சளாகிப் போன படத்தில் நீலத் தடத்தில்தான் முகம் கூடுதலாகத் துலங்கும். முதலிலேயே கறுப்பு வெள்ளையாக ஸ்கேன் செய்துவிட்டால் இந்த வாய்ப்பு கைநழுவிவிடும்.

அஞ்சலட்டை அளவுப் படத்துக்கு 600 பி.பி.ஐ. (அங்குலத்துக்கு 600 பிக்சல்) போதும். 35 × 45 மில்லிமீட்டர் பாஸ்போர்ட் படத்தை 4.25 அங்குல அகலத்துக்குப் பெரிதாக்க வேண்டுமானால் 900க்கு மேல் தேவைப்படும் என்பதால் 1,200 வைத்துக்கொள்ளுங்கள். நெகடிவ் கிடைத்தால் அதுவே சிறந்த மூலம். 35 மில்லிமீட்டர் நெகடிவை அதற்குரிய ஸ்கேனரில் 2,400 பி.பி.ஐ. வைத்தால் நீண்ட பக்கத்தில் ஏறத்தாழ 3,400 பிக்சல் கிடைக்கும். எதுவானாலும் தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாகச் சேமித்து, அதைத் தொடாமல் வைத்துவிட்டு நகலில் வேலை செய்ய வேண்டும். ஸ்கேனரே தரும் 'தானியங்கி மேம்பாடு' என்னும் வசதியை அணைத்துவிடுவது நல்லது. அது வெள்ளை வேட்டியின் மடிப்புகளை முதலில் அழித்துவிடும்.

பழைய ஸ்டூடியோப் படங்கள் சிலவற்றில் தாளின் மேற்பரப்பு துணிபோல நெய்த அமைப்பில் இருக்கும். ஸ்கேனர் ஒளி ஒரு பக்கத்திலிருந்து மட்டும் விழுவதால் அந்த நெசவு முழுவதும் படத்தில் பதிந்துவிடும். அத்தகைய படத்தை, இரு புறமும் 45 பாகையில் ஒரே அளவு ஒளி விழும்படி வைத்துக் கேமராவில் எடுப்பதே சரி. சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தை உரிக்க முயல வேண்டாம். ஈரத்தில் இளகி ஒட்டிய மேற்பரப்பு கண்ணாடியோடு பெயர்ந்து வந்துவிடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள்.

நாளிதழிலோ பழைய மலரிலோ அச்சான படத்தை எடுத்தால் கட்டம் கட்டமாக வருகிறதே?

அச்சான படத்தில் ஏற்கனவே புள்ளிகள் உள்ளன. உங்கள் அச்சகம் அவற்றின்மேல் மீண்டும் புள்ளியிடும்போது இரண்டும் மோதிக்கொண்டு அலைபோன்ற கோலம் உண்டாகிறது. 600 பி.பி.ஐ. அல்லது அதற்கு மேல் ஸ்கேன் செய்து, புள்ளிகள் கரையும் அளவுக்கு மட்டும் மங்கலாக்கி, அதன்பின் 300க்குக் குறைக்க வேண்டும். ஸ்கேனர் மென்பொருளில் 'டிஸ்கிரீன்' என்று இருப்பது இதைத்தான் செய்கிறது. முழுத் தெளிவு திரும்பாது. எனவே இத்தகைய படத்தைச் சிறிய அளவில் வைப்பதே நேர்மையான வழி.

வண்ணப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்க 'கிரேஸ்கேல்' என்று அழுத்தினால் போதாதா?

பல படங்களுக்குப் போதாது. பொதுவான முறையில் பச்சைக்கு மிகுந்த மதிப்பும் சிவப்புக்கு அதில் பாதியும் நீலத்துக்கு மிகக் குறைவும் தரப்படுகின்றன. அரக்குப் புடவையும் கரும்பச்சைக் கரையும் வண்ணத்தில் எவ்வளவு வேறுபட்டாலும், இந்தக் கணக்கில் ஒரே சாம்பலாகிக் கரையே காணாமல் போகும். போட்டோஷாப்பில் 'பிளாக் அண்ட் ஒயிட்' என்னும் திருத்தத்தையோ, இலவசமாகக் கிடைக்கும் ஜிம்ப் மென்பொருளில் 'சேனல் மிக்ஸர்' வசதியையோ பயன்படுத்தினால் ஒவ்வொரு நிறமும் எவ்வளவு வெளிச்சமாக வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்யலாம். சிவப்பைக் கூட்டினால் முகம் வெளிச்சமாகும். அளவு மீறினால் உதடும் நெற்றியில் இட்ட குங்குமமும் வெளுத்து மறைந்துவிடும். திருமணப் படங்களில் இதைக் கவனிக்காமல் விட்டால், நூலைப் பார்க்கும் பெரியவர்கள் முதலில் கேட்பது அந்தப் பொட்டைப் பற்றித்தான். கோபுரப் படத்தில் நீலத்தைக் குறைத்தால் வானம் இருண்டு, கோபுரம் எடுப்பாக நிற்கும்.

சாயல்களை எப்படிச் சரிசெய்வது?

மற்றவற்றைவிடக் கூடுதல் நேரம் செலவிட வேண்டிய இடம் இதுவே. பூச்சில்லாத தாளுக்கான படத்தில் மிக இருண்ட இடம் 100 விழுக்காடு கறுப்பாக இருக்கக் கூடாது. 88 முதல் 90க்குள் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் போனால் புள்ளிகளுக்கு இடையிலுள்ள வெண்மை அடைபட்டு, கூந்தலும் கரிய கோட்டும் ஒரே மைக்கட்டியாகிவிடும். மிக வெளிச்சமான இடத்தில் 4 அல்லது 5 விழுக்காடு புள்ளி இருக்க வேண்டும். அப்போதுதான் வெள்ளைச் சட்டை துணியாகத் தெரியும், தாளில் விழுந்த ஓட்டையாகத் தெரியாது. விளக்குச் சுடர், கண்ணில் தெறிக்கும் ஒளி போன்ற மிகச் சிறிய இடங்களை மட்டும் முழு வெள்ளையாக விடலாம். போட்டோஷாப், ஜிம்ப் இரண்டிலும் உள்ள 'லெவல்ஸ்' பெட்டியின் கீழே உள்ள வெளியீட்டு மதிப்புகள் இரண்டையும் இதற்காகவே வைத்திருக்கிறார்கள்.

அடுத்து நடுச்சாயல். அதே பெட்டியில் நடுவில் உள்ள முக்கோணத்தை 1.00 என்பதிலிருந்து 1.15 முதல் 1.30 வரை நகர்த்த வேண்டும். இப்போது படம் திரையில் வெளிறிச் சோகைபிடித்ததுபோல் தெரியும். தெரியட்டும். அந்த வெளிறலைத் தாளில் மை பரவி ஈடுசெய்துவிடும். இந்தக் கட்டத்தில் பயந்து பின்வாங்குவோரின் நூல்கள்தாம் இருண்டு வருகின்றன.

பழைய கையேடுகள் பல தோலுக்குத் தரும் விழுக்காடுகள் வெளிர் தோலை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே நம் மக்களின் முகங்களுக்குப் பொருத்தக் கூடாது. கரிய முகம் கோப்பில் பெரும்பாலும் 55 முதல் 75 விழுக்காட்டுக்குள் இருக்கும். புள்ளி பரவியதும் அது 80ஐத் தாண்டி, மூக்கும் கன்னமும் பிரிந்து தெரியாத நிலைக்குப் போய்விடும். ஒளி படும் கன்னமும் நெற்றியும் கோப்பில் 40 விழுக்காட்டை ஒட்டி வருமாறு 'கர்வ்ஸ்' வழியாக அந்தப் பகுதியை உயர்த்தி, நிழல் விழும் பக்கத்தை 70க்குள் வைத்தால் முகம் தன் கருமையோடும் உருவத்தோடும் நிற்கும். முகத்தை வெள்ளையாக்குவது இதன் நோக்கமன்று. ஒளிக்கும் நிழலுக்கும் இடையிலான வேறுபாடு காக்கப்பட வேண்டும், அவ்வளவே. பலர் கூடி நிற்கும் குழுப் படத்தில் முழுப் படத்துக்கும் ஒரே திருத்தம் செய்தால் ஓரத்தில் நிற்கும் ஒருவர் இருண்டுவிடுவார். அவர் முகத்தை மட்டும் தேர்ந்தெடுத்து உயர்த்துவது சலிப்பூட்டும் வேலை என்றாலும் செய்ய வேண்டியதே.

படத்தைக் கூர்மையாக்க வேண்டுமா?

வேண்டும், ஆனால் கடைசியில், அச்சாகும் அளவுக்கு மாற்றிய பிறகு மட்டும். 300 பி.பி.ஐ. படத்தில் 'அன்ஷார்ப் மாஸ்க்' ஆரம் 1 பிக்சல் அளவிலும் வலிமை 100 முதல் 150 வரையிலும் இருக்கலாம். திரையில் சற்று மிகையாகத் தெரியும் கூர்மை தாளில் அளவாக அமையும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலியால் சிறிய படத்தைப் பெரிதாக்கலாமா?

கட்டடத்துக்கும் காட்சிக்கும் ஓரளவு உதவும். முகத்துக்கு நான் சம்மதிப்பதில்லை. மங்கலான முகத்தில் இல்லாத கண்ணையும் பல்லையும் அச்செயலி தானே வரைந்து நிரப்புகிறது. கிடைப்பது தாத்தாவைப் போன்ற வேறொருவர் படம். வரலாற்று நூலில் மங்கலான உண்மை முகம் சிறிய அளவில் இருப்பதே மேல்.

பி.டி.எஃப். செய்யும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

படங்கள் பார்வைக்குச் சாம்பலாக இருந்தால் மட்டும் போதாது. கோப்பே கிரேஸ்கேல் முறையில் இருக்க வேண்டும். ஆர்.ஜி.பி. என்னும் மூவண்ண முறையில் விடப்பட்ட சாம்பல் படம் நான்கு வண்ணக் கலவையாக மாறக்கூடும். டிஜிட்டல் அச்சகம் அந்தப் பக்கத்துக்கு வண்ணக் கட்டணம் கேட்கும். கறுப்பில் மட்டும் ஓட்டினாலோ சாயல் கணிக்க முடியாதபடி மாறும். அக்ரோபாட்டில் 'அவுட்புட் பிரிவியூ' திறந்து கறுப்பை மட்டும் அணைத்துப் பாருங்கள். பக்கத்தில் ஏதேனும் மிஞ்சித் தெரிந்தால் அங்கே வண்ணம் ஒளிந்திருக்கிறது.

வேர்டில் பக்கம் அமைப்போர்க்கு ஓர் எச்சரிக்கை. அம்மென்பொருள் சேமிக்கும்போதே படங்களை இயல்பாக 220 பி.பி.ஐ. அளவுக்குச் சுருக்கிவிடும். படங்களைச் சேர்ப்பதற்கு முன்பே 'ஆப்ஷன்ஸ்' பகுதியில் 'அட்வான்ஸ்டு' என்பதன்கீழ் உள்ள 'டு நாட் கம்ப்ரஸ் இமேஜஸ்' கட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். வேர்டுக்குள்ளேயே படத்தை இழுத்துச் சிறிதாக்குவதும் வெளிச்சம் கூட்டுவதும் வேண்டாம். எல்லாத் திருத்தமும் முடித்த கோப்பையே உள்ளே வைக்க வேண்டும்.

கையெழுத்துக் கடிதம், பத்திரம், வரைபடம் ஆகியவற்றுக்கும் இதே முறைதானா?

இல்லை. கோடுகளும் எழுத்துகளும் மட்டும் உள்ளவற்றைச் சாம்பலாக வைத்தால் ஒவ்வொரு கோட்டின் விளிம்பும் புள்ளியாக உடைந்து மங்கும். அவற்றை 1,200 பி.பி.ஐ. அளவில், கறுப்பு அல்லது வெள்ளை என்ற இரண்டே மதிப்புகள் கொண்ட 'பிட்மேப்' கோப்பாக மாற்ற வேண்டும். முத்திரைத்தாளின் பழுப்பும் மடிப்பும் தெரிய வேண்டும் என்று நீங்கள் விரும்பினால் மட்டும் அதை ஒளிப்படமாகக் கருதிக் கிரேஸ்கேலில் வையுங்கள்.

பக்கத்தில் படத்தை வைக்கும்போது?

வெளிறிய வானமோ வெள்ளைச் சுவரோ உள்ள படத்தைச் சுற்றி அரை பாயின்ட் தடிமனில் ஒரு கோடு இடுங்கள். இல்லாவிட்டால் படத்தின் எல்லை தாளோடு கலந்துவிடும். பசையிட்டுக் கட்டும் நூல் நடுவில் முழுமையாக விரியாது. இரண்டு பக்கங்களுக்குக் குறுக்கே வைக்கும் குழுப் படத்தில் நடுவில் நிற்பவர் கட்டுக்குள் விழுந்துவிடுவார்.

ஒப்புப்படியில் எதைப் பார்க்க வேண்டும்?

அதே தாளில், அதே இயந்திரத்தில் எடுத்த படியை மட்டுமே ஒப்புப்படியாகக் கருத வேண்டும். தெருமுனை ஜெராக்ஸ் கடையில் எடுத்த லேசர் படி படங்களைப் பற்றி எதையும் சொல்லாது. முழு நூலுக்கு முன்பு ஒரே ஒரு தாளைச் சோதித்துக்கொள்வது மலிவான வழி. ஒரு கரிய முகம், ஒரு வெள்ளுடை, ஓர் இருண்ட உள்ளறை என மூன்று படங்களை எடுத்து, ஒவ்வொன்றையும் நடுச்சாயல் 1.00, 1.15, 1.30, 1.45 என்று நான்கு விதமாக அடுத்தடுத்து வைத்து, கீழே எண்ணையும் எழுதி அச்சிடச் சொல்லுங்கள். பகல் வெளிச்சத்தில் பார்த்து, எந்த எண் சரியாக இருக்கிறதோ அதை மற்ற எல்லாப் படங்களுக்கும் தொடக்கப் புள்ளியாகக் கொள்ளலாம். ஆஃப்செட் என்றால் மறுநாள் வரை பொறுத்திருந்து பாருங்கள். பூச்சில்லாத தாளில் மை காய்ந்த பிறகு கறுப்பு சற்று இறங்கிவிடும்.

மறுபதிப்புக்கு இதே கோப்புகள் போதுமா?

அதே தாள், அதே அச்சகம் என்றால் போதும். ஆஃப்செட்டில் வந்த நூல் பி.ஓ.டி.க்கு மாறினாலோ, மேப்லித்தோ ஆர்ட் தாளாக மாறினாலோ, முன்பு வெளிச்சமாக்கிய படங்கள் இப்போது வெளிறி வரக்கூடும். அப்போது திருத்திய கோப்பை மேலும் திருத்தாமல், தொடாமல் வைத்திருந்த டிஃப் மூலத்திலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும்.